வீட்டிலேயே பலகை விளையாட்டும் சீட்டும் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் விளையாட்டு செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பலகையை அழகாக்குவதில்தான் நேரத்தையும் காசையும் செலவழிக்கிறார்கள். பலகை எப்படி இருந்தாலும் ஆட்டம் நடக்கும், தரையில் சாக்பீஸால் கிழித்தாலும் போதும். கைக்குள் வந்து போகிற பொருள்கள், அதாவது பகடையும் சீட்டும், சரியாக அமையாவிட்டால்தான் ஆட்டம் கெடுகிறது. அதனால் கீழே உள்ள பதில்களில் பகடைக்கும் சீட்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் முறை செய்து பார்க்க எந்த விளையாட்டு நல்லது?

ஆடு புலி ஆட்டம். பகடை வேண்டாம், சீட்டு வேண்டாம். ஒரு தாள், ஓர் அடிக்கோல், 18 காய்கள் இருந்தால் போதும். நம் பழைய கோயில்கள் பலவற்றில் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வரைவது இப்படி. தாளின் மேலே நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து விசிறி மாதிரி விரிந்து இறங்கும் நான்கு கோடுகள். அவற்றின் கீழ்முனைகளை ஒரு படுக்கைக் கோட்டால் சேருங்கள். இப்போது உச்சிக்கும் அடிக்கும் நடுவே மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். மூன்றும் அந்த நான்கு கோடுகளையும் வெட்டி, இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட முனைகளை இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோட்டாலும் வலப்பக்கம் ஒன்றாலும் இணைத்தால் முடிந்தது. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள்: உச்சியில் 1, மூன்று நடுக்கோடுகளில் தலா 6, அடியில் 4, ஆக 23. அந்த எண்ணிக்கை வராவிட்டால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது.

மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிகளை முதலிலேயே வைத்துவிடலாம். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை இறக்குவார், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். பக்கத்தில் உள்ள ஆட்டை நேர்க்கோட்டில் தாண்டி, அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி அந்த ஆட்டை வெட்டும். மூன்று புலியும் நகர முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும், தொடங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டு ஆட்டம் ஆடினால் பக்கத்தை மாற்றிக்கொள்வது நியாயம். ஆடுகளைச் சேர்த்து நகர்த்தத் தெரியாதவரை புலிதான் ஜெயித்துக்கொண்டே இருக்கும்.

தாயக்கட்டை இல்லை. புளியங்கொட்டையை வைத்துத் தாயம் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு ஆடுங்கள்.

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி. மூன்று விழ நான்கு வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒரே வழி. சராசரியாக எட்டு உருட்டுக்கு ஒரு தாயம். காய் இறங்காமல் உட்கார்ந்து தவிக்கிற அந்தத் தவிப்பு இங்கிருந்துதான் வருகிறது.

நான்கு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியத் தேய்த்துப் போட்டால், வெள்ளைகளை எண்ணுவோம். நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. இங்கேயும் 16 விதம்தான், ஆனால் ஒரே ஒரு வெள்ளை விழ நான்கு வழி இருக்கிறது. தாயம் இரண்டு மடங்கு அடிக்கடி விழும். ஐந்தும் ஆறும் பன்னிரண்டும் விழவே விழாது. ஆக, காய் சீக்கிரம் இறங்கும், இறங்கிய பிறகு மெதுவாக நகரும். பொறுமையில்லாத சின்னப் பிள்ளைகளுக்கு இது நல்லது. பெரியவர்களுக்குச் சப்பென்று இருக்கும்.

கட்டைதான் வேண்டும் என்றால் தச்சுப்பட்டறையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கழிவு கேளுங்கள். ஒரு சென்டிமீட்டர் சதுரத்தில், ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு. உப்புத்தாளால் நான்கு பக்கமும் ஒரே அளவாகத் தேய்த்து, மார்க்கரால் புள்ளி வையுங்கள். விளிம்புகளை லேசாக மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டை உருளாமல் வழுக்கிப் போய் நிற்கும். முனைகளையும் கொஞ்சம் உருட்டி விடுங்கள், நட்டக்குத்தாக நின்று சண்டை வராது.

புளியங்கொட்டைக்கும் ஒரு வேலை உண்டு. அதிகமாகத் தேய்த்த கொட்டை ஒரு பக்கமாகவே விழும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஒரு இருபது முப்பது முறை போட்டுப் பார்த்து, பாதிக்குப் பாதி விழுகிறவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பக்கப் பகடை செய்ய எளிய வழி?

சீவாத ஆறுபக்கப் பென்சில். ஒவ்வொரு பட்டையிலும் ஒன்று முதல் ஆறு வரை எழுதி மேசையில் உருட்டுங்கள், மேலே நிற்கும் பட்டைதான் எண். களிமண்ணிலும் சோப்பிலும் கனசதுரம் செய்வதைவிட இது எவ்வளவோ மேல், கையால் செய்த கனசதுரம் ஏதாவது ஒரு பக்கம் கனத்துவிடும். இன்னொரு வழி, ஆறு சீட்டு எழுதி ஒரு டம்ளரில் போட்டு எடுப்பது. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்தவர் எடுக்க வேண்டும்.

நம்பலாமா என்று சோதிக்க 60 முறை உருட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எண்ணும் சரியாகப் பத்துப் பத்து வராது. ஐந்து முதல் பதினைந்து வரை வந்தால் கவலை வேண்டாம். ஒரே எண் இருபதைத் தாண்டினால் அந்தப் பகடையை ஒதுக்கிவிடுங்கள்.

சீட்டு செய்ய எந்த அட்டை?

வீட்டில் நடந்த கல்யாணத்தின் மிஞ்சிப்போன பத்திரிகைகள். எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு கட்டு இருக்கும். ஒரே கல்யாணத்தின் பத்திரிகை என்பதால் எல்லாம் ஒரே கனம், ஒரே நிறம், ஒரே பின்பக்கம். சீட்டுக்கு அதுதான் முக்கியம். பல வீட்டுப் பத்திரிகைகளைக் கலந்து வெட்டினால், பின்பக்கத்தைப் பார்த்தே எது என்ன சீட்டு என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சாமி படம் உள்ள பகுதியை வெட்ட மனம் வராது, அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எழுத்துப் பகுதியைப் பயன்படுத்துங்கள். அச்சடித்த பக்கத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி அதில் வரையலாம்.

பத்திரிகை இல்லையா? ஸ்டேஷனரி கடையில் 250 அல்லது 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அட்டை என்று கேளுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது சீட்டு வரும். 54 சீட்டுக்கு ஆறு தாள். கத்தரிக்கோலைவிட இரும்பு அடிக்கோலும் கட்டர் பிளேடும் சுத்தமாக வெட்டும். பெரியவர்கள் வெட்டட்டும். மூலைகளை நகவெட்டியால் ஒரு முறை கடித்துவிட்டால் முனை மடங்காது.

மை ஊறி மறுபக்கம் தெரிகிற ஸ்கெட்ச் பேனா வேண்டாம். கலர் பென்சில், பால்பாயின்ட், அல்லது அச்சு.

லேமினேஷன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பலகைக்கு நல்லது, சீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. வழுக்கும், கட்டு தடிமனாகும், ஓரம் கையைக் கீறும். அதற்குப் பதில், சீட்டுக்கென்றே விற்கும் பிளாஸ்டிக் உறைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. கடையில் வாங்கிய பழைய சீட்டு ஒன்றை உறைக்குள் செருகி, அதன் முன்னால் நீங்கள் அச்சடித்த மெல்லிய தாளை வையுங்கள். விறைப்பாக நிற்கும், பின்பக்கம் ஒரே மாதிரி இருக்கும், நன்றாகக் குலுக்கலாம். விளையாட்டு சலித்துவிட்டால் தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

செய்த சீட்டைக் குலுக்கவே முடியவில்லை, என்ன செய்வது?

குலுக்காதீர்கள். சுருக்குப் பையில் போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். இல்லையென்றால் தரையில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு கையாலும் கலைத்துவிட்டுச் சேர்த்து அடுக்குங்கள். அட்டை எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் இது வேலை செய்யும்.

ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டு மட்டும் வாங்கலாம் என்றால், அதை வைத்து என்னென்ன ஆடலாம்?

செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள். ரம்மி, கழுதை, ஆஸ் எல்லோருக்கும் தெரியும். இலங்கைத் தமிழர் வீடுகளில் நேரம் போவது தெரியாமல் ஆடும் 304க்கும் இதே கட்டுதான், இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுகளை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். நால்வர் இரண்டு அணியாக ஆடுவார்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு, அதாவது ஹார்ட்டின் போன்ற ஒரு வகைக்கு, 76, நான்கு நிறத்துக்கும் சேர்த்து 304. கேரளத்தின் 28 என்ற ஆட்டமும் இதற்கு உறவுதான்: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் தலா 1. இந்த வகை ஆட்டத்தில் ஊறியவர்களுக்கு விலை உயர்ந்த பெட்டி விளையாட்டு எதுவும் பெரிதாகத் தோன்றாது.

எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் ஒரே ஒரு படம் பொதுவாக இருக்குமே, அந்த விளையாட்டை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். கடைப்பெட்டியில் ஒரு சீட்டுக்கு எட்டுப் படம் இருக்கும். வீட்டுக்கு நான்கு படம் போதும், 13 சீட்டு, 13 படம். சும்மா இஷ்டத்துக்குப் படம் போட்டால் வராது, அதற்கு ஒரு கணக்கு உண்டு.

ஒன்று முதல் ஒன்பது வரை மூன்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். படுக்கை வரிசைகளோடு ‘அ’ சேரும்: 1 2 3 அ, 4 5 6 அ, 7 8 9 அ. செங்குத்து வரிசைகளோடு ‘ஆ’: 1 4 7 ஆ, 2 5 8 ஆ, 3 6 9 ஆ. ஒரு திசைச் சாய்வோடு ‘இ’: 1 5 9 இ, 2 6 7 இ, 3 4 8 இ. மறுதிசைச் சாய்வோடு ‘ஈ’: 3 5 7 ஈ, 1 6 8 ஈ, 2 4 9 ஈ. கடைசிச் சீட்டு அ ஆ இ ஈ. எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றே ஒன்று பொருந்தும், சோதித்துப் பாருங்கள்.

இனி ஒவ்வொரு குறிக்கும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்: 1 மாம்பழம், 2 குடை, 3 ஆட்டோ என்று. ஒவ்வொரு படமும் நான்கு சீட்டில் வரும், மொத்தம் 52 முறை வரைய வேண்டும். ஒரே படத்தை ஒரு சீட்டில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும், சாய்த்தும் தலைகீழாகவும் போடுங்கள். சுவாரசியமே அதில்தான். நடுவில் ஒரு சீட்டை மல்லாத்தி வைத்து, தன் கையிலுள்ள சீட்டுக்கும் அதற்கும் பொதுவான படத்தை முதலில் சொன்னவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை பெரியவர்களைத் தோற்கடிக்கக்கூடிய அபூர்வமான ஆட்டம் இது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே செய்யலாம்.

இடம் வாங்கி வாடகை வசூலிக்கும் வியாபார விளையாட்டு?

கண்டிப்பாகச் செய்யுங்கள், உங்கள் ஊர்த் தெருக்களைப் போட்டு. அந்த விளையாட்டின் வரலாறே வீட்டில் செய்த பலகைகளின் வரலாறுதான். அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி, நிலவுடைமையால் வரும் கேட்டைப் புரியவைக்க ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். மக்கள் அதைப் பார்த்துத் தாங்களே பலகை வரைந்து, தங்கள் ஊர்த் தெருப் பெயர்களைப் போட்டு ஆடினார்கள். அட்லாண்டிக் சிட்டியில் இருந்தவர்கள் வரைந்த வடிவம் சார்லஸ் டாரோ என்பவரின் கைக்குப் போனது. அவர் அதை மெழுகுத்துணியில் வரைந்து விற்கத் தொடங்கினார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. அதுதான் மோனோபொலி.

மெழுகுத்துணிக்கு நம் ஊரில் பதில் பழைய ஃபிளெக்ஸ் பேனர். பின்பக்கம் வெள்ளையாக உள்ள ரகமாகப் பார்த்து, பெர்மனன்ட் மார்க்கரால் வரையுங்கள். சுருட்டி வைக்கலாம், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

மோனோபொலியில் 40 கட்டம். வீட்டுக்கு அது நீளம். ஒரு பக்கத்துக்கு ஏழு கட்டம் வைத்தால் சுற்றிலும் 24 வரும், சாப்பாட்டுக்கு முன் ஒரு ஆட்டம் முடியும். விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை என்று தொடங்கி, ஆட்டம் இழுத்துக்கொண்டே போனால் ஏற்றுங்கள். காகிதப் பணம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் ‘பேங்க்’ ஆக உட்கார்ந்து பழைய நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி போட்டு வரவு செலவு எழுதட்டும். அந்த வேலையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், கணக்கு தானாக வரும்.

ஆங்கிலத்தில் எழுத்து வில்லைகளை வைத்து ஆடும் வார்த்தை விளையாட்டைத் தமிழில் எப்படிச் செய்வது? 247 எழுத்தாயிற்றே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 247 வகை வில்லை செய்தால் யாராலும் ஆட முடியாது. புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனி வில்லையாகச் செய்தாலும் சிக்கல்தான். ‘கொ’ என்றால் முன்னாலும் பின்னாலும் வைக்க வேண்டும், குறுக்கு வார்த்தை கெட்டுவிடும்.

நன்றாக வேலை செய்கிற வழி, ஒரு வில்லை ஒரு வரிசை முழுவதற்கும் பொது என்று வைப்பது. ‘க’ வில்லை க், க, கா, கி, கு, கோ எதுவாகவும் இருக்கலாம், வைப்பவர் வார்த்தையை உரக்கச் சொல்ல வேண்டும். ‘மரம்’ என்று படுக்கையாக வைத்தால், நடுவிலுள்ள ‘ர’வை எடுத்துச் செங்குத்தாக ‘கரி’ வைக்கலாம். இப்படி ஒரே வில்லை இரண்டு திசையில் இரண்டு விதமாக ஒலிப்பதை முதலில் அனுமதியுங்கள். கை தேறிய பிறகு, இரண்டு திசையிலும் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கலாம், அப்போது ஆட்டம் உண்மையிலேயே கடினமாகும்.

எந்த எழுத்து எத்தனை? அந்த ஆங்கில விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணித்தான் தீர்மானித்தார். நீங்களும் ஒரு தமிழ் நாளிதழின் ஒரு பத்தியை எடுத்து எண்ணுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விளையாட்டு. உயிரெழுத்து தமிழில் சொல்லின் தொடக்கத்தில்தான் தனியாக வரும், அதனால் அவை குறைவாகப் போதும். க, த, ப, ம, ர, ல, ன, வ நிறைய வேண்டும். ங, ஞ ஒன்றிரண்டு வைத்து, மதிப்பெண்ணை உயர்த்திவிடுங்கள். வில்லைக்குச் சோடா மூடி நல்லது, உள்பக்கம் வட்டத்தாள் ஒட்டி எழுதலாம்.

பல்லாங்குழிக்கு மரப்பலகை வாங்க வேண்டுமா?

வேண்டாம். முப்பது முட்டை வைக்கும் அட்டையில் ஒரு வரிசைக்கு ஆறு குழி. இரண்டு வரிசையை அப்படியே வெட்டி, மீதியிலிருந்து ஒரு ஜோடிக் குழியை வெட்டிப் பக்கத்தில் சேர்த்துத் தினசரி காலண்டர் அட்டையில் ஒட்டினால் ஏழுக்கு ஏழு, பதினான்கு குழி. முட்டை உடைந்து கறைபட்ட அட்டையை எடுக்காதீர்கள், அதைக் கழுவ முடியாது. குழிக்கு ஐந்து என்றால் 70 காய் தேவைப்படும்.

காய்களுக்கு எதையும் பயன்படுத்தலாமா?

பட்டன், சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எல்லாம் சரி. குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் இருக்கிறது. பழைய பல்லாங்குழிப் பெட்டியில் கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். உடைந்த வளையல் துண்டு தாயத்துக்குப் பழகிய காய்தான், முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுக் கொடுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் சின்னக் காய் எதுவுமே தரையில் கிடக்கக் கூடாது.

கல்யாண வீட்டில் பதினைந்து பேர் இருக்கிறோம், கையில் ஒன்றுமில்லை. என்ன ஆடலாம்?

துண்டுச் சீட்டு போதும். ராஜா, ராணி, போலீஸ், திருடன் நாலைந்து பேருக்குத்தான். பெரிய கூட்டத்துக்கு மாஃபியா என்ற ஆட்டம் பொருத்தம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டிமிட்ரி டேவிடாஃப் 1986இல் உருவாக்கியது. ஒருவர் நடத்துநர். மற்றவர்களுக்கு மடித்த சீட்டு: மூன்று பேர் ‘கொள்ளையர்’, மீதி ‘ஊரார்’. இரவு என்றதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், கொள்ளையர் மட்டும் திறந்து சைகையால் ஓர் ஊராரைத் தேர்ந்தெடுப்பார்கள், அவர் ஆட்டத்திலிருந்து போவார். விடிந்ததும் எல்லோரும் வாதாடி, வாக்களித்து ஒருவரை வெளியேற்ற வேண்டும். கொள்ளையர் எல்லோரும் வெளியேறினால் ஊருக்கு வெற்றி. அவர்கள் எண்ணிக்கை ஊராருக்குச் சமமானால் கொள்ளையருக்கு வெற்றி.

விற்பனையில் உள்ள விளையாட்டை வீட்டில் செய்வது சட்டப்படி தப்பா?

உங்கள் வீட்டில் ஆட நீங்களே வரைந்துகொள்வதில் பயப்பட ஒன்றுமில்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை, பிரிவு 3இல் அது வெளிப்படையாக இருக்கிறது. பதிப்புரிமை என்பது வேறு: பெட்டியில் உள்ள ஓவியம், விதிப்புத்தகத்தின் வாசகம் இவற்றுக்கு அது உண்டு. விளையாட்டின் பெயர் வணிகக்குறியாகப் பதிவாகியிருக்கும். அதனால் படத்தை ஸ்கேன் செய்து பிரதி எடுத்து விற்பது, அதே பெயரில் விற்பது கூடாது. சிறிய படைப்பாளிகள் பலர் தங்கள் விளையாட்டை வீட்டில் அச்சடித்துக்கொள்ளும் கோப்பாகவே இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தருகிறார்கள். அப்படிக் கிடைத்தால் காசு கொடுத்து வாங்குங்கள், அந்தப் பணம் நேரே அவர்களுக்குப் போகும்.

ஒட்டியது எல்லாம் பூச்சி அரிக்கிறதே?

மைதாப் பசைதான் காரணம். புத்தகம் கட்டுபவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பொருளில் சேர்க்காதீர்கள். வெள்ளைப் பசை பயன்படுத்துங்கள். ஒட்டியதும் மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிட்டால் அட்டை வளையாது. காய்களைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு, எந்த விளையாட்டு, எத்தனை காய் என்று மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். விதிகளையும் ஒரு சீட்டில் எழுதி அதற்குள்ளேயே மடித்துப் போடுங்கள், குறிப்பாக உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்த விதிகளை.